ரயில் தூக்கத்தில் வந்த கனவை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

இந்த முறை நான் எடுத்துக்கொண்ட கடிதம், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்துபோகும் ஒரு வாசகருடையது. வயது 31. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கையால் எழுதிய ஏழு பக்கம். கூடவே அவருடைய கனவு நோட்டின் இரண்டு பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்கல் உண்டு. மற்ற சொற்களைவிடத் தன் பெயரைச் சொல்வதுதான் அவருக்குப் பெரும் பாடு. திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் புது ஆள் யாராவது வந்தால் எல்லோரும் வரிசையாகப் பெயர் சொல்ல வேண்டும். முறை தன் பக்கம் நெருங்க நெருங்கக் கை சில்லிட்டுப் போகிறது என்று எழுதியிருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன்பு லூசிட் ட்ரீமிங் பற்றி அவருக்குத் தெரியவந்தது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வது. தெரிந்தபின் சிலரால் கனவைக் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு நடத்தவும் முடியும். கனவில் பயமில்லாமல் பேசிப் பழகினால் நேரிலும் பேச்சு வந்துவிடும் என்று நம்பி ஆரம்பித்துவிட்டார்.

இரவு 11 மணிக்குப் படுக்கிறார். 2 மணிக்கு ஒரு அலாரம். எழுந்து நாற்பது நிமிடம் விழித்திருந்துவிட்டு மறுபடி படுக்கிறார். 4.30-க்கு ரயிலுக்காக இன்னொரு அலாரம். பகலில் பத்துப் பதினைந்து முறை 'இப்போது நான் கனவில் இருக்கிறேனா?' என்று சோதித்துப் பார்க்கிறார். 120 நாளில் நோட்டில் ஏறியவை 14 கனவுகள். லூசிட் கனவு 'பூஜ்யம்' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி கண் திறந்தும் கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. 'அமுக்குவான்' என்று சொல்லி அம்மா தலையணைக்கு அடியில் இரும்புத்துண்டு வைத்திருக்கிறார். 'எனக்கு இதற்கு ராசியில்லையா? விட்டுவிடலாமா? இல்லை, நண்பர் சொல்கிற மாத்திரையைப் போட்டுப் பார்க்கலாமா?' இவைதான் அவருடைய கேள்விகள்.

ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், பிறகு ஞாபகம் வந்து சேர்த்ததுபோல் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: 'ஒருநாள் ரயிலில் தூங்கும்போது மீட்டிங் நடப்பதுபோல் கனவு. ஜன்னலுக்கு வெளியே சைனைடு மேடு தெரிந்தது, கன்டோன்மென்டில் ஏது சைனைடு மேடு, இது கனவுதான் என்று தோன்றியது. எழுந்து நின்று பெயரைச் சொன்னேன், திக்கவில்லை. உடனே மாலூரில் விழிப்பு வந்துவிட்டது. அது ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கிய அரைத்தூக்கம், அதனால் நான் கணக்கில் சேர்க்கவில்லை.' (சைனைடு மேடு என்பது தங்கவயலில் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சுரங்கக் கழிவு மண் குன்று.)

அன்புள்ள தம்பிக்கு,

அந்த இரண்டு வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கண்டது லூசிட் கனவு. முழுமையான, சந்தேகத்துக்கு இடமில்லாத லூசிட் கனவு. படுக்கையில் படுத்துக் கண்டால்தான் செல்லும் என்று ஒரு விதியும் கிடையாது. பத்து நொடிதான் நீடித்தது என்பதாலும் அது குறைந்துவிடாது. முதல் தடவை 'இது கனவு' என்று தெரிந்ததும் மனசு துள்ளி எழுந்து விழிப்பு வந்துவிடுவது மிகவும் சகஜம். ஆகவே முதலில் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதுங்கள்.

அந்தக் கனவு ஏன் ரயிலில் வந்தது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. ராத்திரி முழுக்க நாம் ஒரே மாதிரி தூங்குவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று, ஓர் இரவில் நான்கைந்து சுற்று போகிறது. தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருபவை. மூடிய இமைக்குள் கண் வேகமாக அசைந்துகொண்டிருக்கும் கட்டம் அது. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த உறக்கம்தான் அதிகம். ரெம் சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். விடியப்போகும் நேரத்தில்தான் அது அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிப்பது இருக்கட்டும், விடியற்காலையில் கனவு அதிகம் என்பதும், அந்தக் கனவுதான் நினைவில் நிற்கும் என்பதும் உண்மை.

இப்போது உங்கள் ராத்திரியைப் பாருங்கள். 11 மணிக்குப் படுத்தவரை 2 மணிக்கு எழுப்பினால் ஆழ்ந்த உறக்கம் மிகுந்த பகுதியில் எழுப்புகிறோம். அங்கே எடுத்து எழுதக் கனவு அதிகம் இருக்காது. பிறகு 4.30-க்கு, கனவு நிறைந்த நேரம் தொடங்கும்போது, ரயிலுக்காக எழுந்துவிடுகிறீர்கள். அந்த ரெம் தூக்கம் எங்கும் போய்விடவில்லை. ஊர்காமில் ஏறி, உட்கார இடம் பிடித்து, பங்காருப்பேட்டை தாண்டியதும் கண் சொக்குகிறது என்கிறீர்களே, அங்கேதான் அது வந்து உட்காருகிறது.

லூசிட் கனவுக்கான பயிற்சிகளில் பரவலாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விழித்திருந்து, மறுபடி தூங்கப் போவது. நீங்கள் 11-க்குப் படுத்து 4.30-க்கு எழுந்து, குளித்து, ஸ்டேஷனுக்கு நடந்து, ஒரு மணி நேரம் கழித்து ரயிலில் மறுபடி தூங்குகிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாலு மாதமாக அதைச் சரியாகச் செய்துவந்திருக்கிறீர்கள், தம்பி. அதற்கு மேல் 2 மணிக்கு இன்னொரு அலாரத்தைப் போட்டு உடம்பைத்தான் வாட்டியிருக்கிறீர்கள்.

2 மணி அலாரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வயது வந்தவருக்கு ராத்திரிக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். உங்களுக்கு வீட்டில் கிடைப்பதே ஐந்தரை மணி நேரம்; அதிலும் நாற்பது நிமிடத்தைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். போன மாதம் ஒரு வவுச்சரில் ஒரு சைபரை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கவனக்குறைவு இல்லை, தூக்கக் கடன். முடிந்தால் படுக்கும் நேரத்தையும் 11-லிருந்து 10-க்குக் கொண்டுவாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைப் பார்ப்பது ஒரு மணி நேரம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அந்த ஒரு மணி நேரம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சித்தப்பாவுக்கு மனநலச் சிகிச்சை நடந்ததாக ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அவருக்கு என்ன நோய் என்று வீட்டில் விசாரியுங்கள். பைபோலார் என்ற மனநிலைக் கோளாறோ, மனச்சிதைவோ குடும்பத்தில் இருந்தால், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். பைபோலார் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே பித்துநிலையைக் கிளப்பிவிடக்கூடும். உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகலில், வேலை நடுவில், சுற்றியிருப்பது எல்லாம் நிஜமில்லை என்ற உணர்வு அடிக்கடி வந்தாலோ, தூக்கம் வேண்டாம் என்ற அளவுக்கு உற்சாகம் பொங்கினாலோ, பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஆபீஸிலிருந்து ஆட்டோ தூரம்தான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

நெஞ்சில் உட்கார்ந்தது யார்?

அம்மா சொல்லும் அமுக்குவானை எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும். என் பாட்டி துடைப்பத்தைத் தலைமாட்டில் வைப்பார். ரெம் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காக. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், அசைய முடியாது, கனவின் மிச்சமும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சு விடும் தசை வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, ஆகவே உயிருக்கு ஆபத்தில்லை. பயத்தோடு திமிறாமல் மெதுவாக மூச்சு விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் விலகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும், தூக்கத்தை நடுவில் உடைப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். 2 மணி அலாரம் போனால் இதுவும் குறையும். இரும்புத்துண்டு இருந்துவிட்டுப் போகட்டும், அம்மாவுக்கு அது நிம்மதி.

முதலில் நினைவு, அப்புறம் லூசிட்

120 நாளில் 14 கனவு என்பது தோல்வி என்று நினைக்கிறீர்கள். கனவு வராததால் குறைந்ததில்லை அது. வந்தது நினைவில் தங்கவில்லை. ரெம் தூக்கத்தின்போது, விழித்திருக்கையில் நினைவைப் பதிய உதவும் நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்கள் மூளையில் மிகவும் தாழ்ந்துவிடுகின்றன. அதனால் கனவு, ஈரத் தரையில் போட்ட கோலம்போல, எழுந்து நடந்தாலே கலைந்துவிடுகிறது. ஒருவேளை நீங்கள் இன்னும் இரண்டு மூன்று லூசிட் கனவுகூடக் கண்டிருப்பீர்கள், கண்டதையே மறந்திருப்பீர்கள். நினைவு இல்லாமல் லூசிட் கனவுக்குப் பாடுபடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். ஆகவே அடுத்த ஆறு வாரத்துக்கு லூசிட் என்ற சொல்லையே மறந்துவிட்டு, நினைவை மட்டும் வளர்ப்போம்.

உங்கள் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி, 'பச்சைக் கதவு, சைனைடு மேடு, யாரோ பெயர் கேட்டார்கள்' என்று ஒரு வரி. அதன்பின் எட்டு நாள் வெறும் கோடு. அந்தக் கோடுகளில்தான் உங்கள் ஊக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. ஒன்றும் நினைவில்லாத நாளிலும் ஒரு வரி எழுதலாம்: 'எழுந்தபோது மனசு கனமாக இருந்தது', 'ஏதோ தண்ணீர், வேறொன்றும் தெரியவில்லை', 'யாருடனோ சண்டை'. உணர்ச்சிதான் கடைசியாக அழியும். அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் சில நாள் பின்னாலேயே ஒரு முகமோ ஒரு இடமோ வரும்.

விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காதீர்கள், புரளாதீர்கள், மணி பார்க்காதீர்கள். எந்த நிலையில் விழித்தீர்களோ அப்படியே கிடந்து, கடைசியாக என்ன நடந்தது என்று கேளுங்கள், அதற்கு முன்பு என்ன, அதற்கும் முன்பு என்ன என்று பின்னோக்கிப் போங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் படுத்துக் கண்ட கனவு அப்போது தலைகாட்டுவதுண்டு. ரயிலில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் அங்கே குதித்து எழுந்து குளியலறைக்கு ஓட வேண்டியதில்லை. வைட்ஃபீல்டில் கூட்டம் ஏறும் சத்தத்தில் விழிப்பு வந்ததும் கண்ணை மூடியபடியே இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டை எடுத்து மூன்று சொல் எழுதினால் போதும். அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வீட்டில் விரித்து எழுதலாம்.

போனில் பேசிப் பதிவு செய்யச் சொல்கிறார்கள், எனக்கு அது வராது என்று எழுதியிருக்கிறீர்கள். திக்கல் உள்ள பலருக்கும் தனியாக இருக்கும்போது, யாரும் கேட்கவில்லை என்று உறுதியாகத் தெரியும்போது, பேச்சு தடையில்லாமல் வருவதுண்டு, கிசுகிசுத்தாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் ஒரு கனவைப் போனிடம் சொல்லிப் பாருங்களேன். வந்தால் நல்லது. வராவிட்டால் நோட்டு இருக்கிறது.

பகல் சோதனை பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை இயந்திரம்போல் 'இது கனவா' என்று கேட்பதைவிட, நான்கு முறை நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்பது மேல். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடிகிறதா என்று பார்ப்பது, போனில் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணை எடுத்து மறுபடி படிப்பது, இவை போதும். கனவில் எழுத்து மாறிவிடும், மூக்கைப் பிடித்தாலும் மூச்சு வரும். ஓடும் ரயிலில், வாசலருகில், பிளாட்பார விளிம்பில் நின்றுகொண்டு குதித்துப் பார்ப்பது, பறந்து பார்ப்பது போன்ற எதுவும் எக்காரணம் கொண்டும் கூடாது. கனவுதான் என்று நூறு சதவீதம் தோன்றினாலும் கூடாது. இதை நான் யாருக்குச் சொல்லும்போதும் இரண்டு தடவை சொல்வேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளில் மட்டும் தூங்குங்கள், பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், கன்டோன்மென்ட் வரும் நேரத்துக்கு வைப்ரேஷன் அலாரம் வையுங்கள்.

ஊக்கம் எங்கே போனது?

நாலு மாதம் விடாமல் ஒரு நோட்டைத் தலைமாட்டில் வைத்திருப்பவரிடம் ஊக்கம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அலுத்துப்போனது, தினமும் காலையில் ரிசல்ட் பார்ப்பதுதான். பரீட்சை எழுதியதுபோல் எழுந்ததும் பாஸா பெயிலா என்று பார்க்கிறீர்கள். 120 நாள் பெயில் என்று வந்தால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது?

மற்றவர்கள் தினமும் காண்கிறார்கள் என்பது நீங்கள் தவறாக எடுத்துக்கொண்ட ஒரு விஷயம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-ல் செய்த ஒரு கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது லூசிட் கனவு கண்டவர்கள் ஏறக்குறைய 55 சதவீதம். மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 சதவீதம்தான். ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, ஐந்து மணி நேரம் கழித்து எழுவது, படுக்கும்போது மனசில் தீர்மானம் செய்துகொள்வது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே நூற்றுக்குப் பதினேழு இரவில்தான் லூசிட் கனவு வந்தது. அதாவது ஆறு ராத்திரிக்கு ஒன்று. அதே ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு விவரம்: தீர்மானம் செய்துகொண்ட ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை 46 சதவீதமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருப்பவருக்குக் கனவு வசப்படுவதில்லை, சுலபமாகத் தூங்கிவிடுபவருக்கு வருகிறது. உங்கள் ரயில் தூக்கம் அப்படிப்பட்டதுதானே?

இன்னொரு நண்பர் இதெல்லாம் கப்ஸா என்று சொல்லிச் சிரித்ததும் உங்களைத் தளர்த்தியிருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லலாம்: 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்து, கனவு என்று தெரிந்ததும் முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். உடம்பெல்லாம் கட்டுண்டு கிடந்தாலும் கண் அசையும் அல்லவா? அந்த அசைவு கருவியில் பதிவானது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக அதையே நிரூபித்தார். 2021-ல் நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் வெளியிட்ட முடிவில், கனவு காண்பவர்களிடம் சின்னக் கூட்டல் கழித்தல் கணக்குக் கேட்க, சிலர் தூங்கியபடியே கண்ணசைவால் விடை சொன்னார்கள்.

சரி, இனி எப்படிப் போவது? வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி வையுங்கள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் ரயிலில் சும்மா தூங்குங்கள், அல்லது பாட்டுக் கேளுங்கள். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் சமயம் போல வேலை நெருக்கும் வாரங்களில் கனவு நினைவு தானாகவே குறையும், அப்போது முழுசாக விட்டுவிடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எத்தனை லூசிட் கனவு என்று எண்ணாதீர்கள். எத்தனை நாள் ஒரு வரியாவது எழுதினேன் என்று எண்ணுங்கள், ஏனென்றால் அது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் இல்லை. அன்றைக்கு 4.30-க்கு எழ வேண்டியதில்லை, உடம்பு கேட்கும்வரை தூங்கலாம். எழுந்ததும் பழைய பக்கங்களைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுங்கள். நான் பார்த்த இரண்டே பக்கத்தில் சைனைடு மேடு மூன்று இடத்தில் வருகிறது, அதுவும் இருக்கக்கூடாத இடத்தில்: பள்ளிக்கூட மாடியில், அல்சூரில் அக்கா வீட்டுக்குப் பின்னால், கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு எதிரில். தங்கவயலில் பிறந்தவருடைய கனவில் அந்தச் சாம்பல் நிற மேடு வருவதில் வியப்பில்லை. அதுதான் 'இது கனவு' என்று உங்களுக்கு அடிக்கும் மணி. ஆறு வாரம் கழித்து, ரயிலில் கண் மூடும் முன்பு மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: 'அடுத்த தடவை பெங்களூரில் சைனைடு மேட்டைப் பார்த்தால், இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்.' சொல்லும்போது அந்த மேட்டைக் கண்முன் கொண்டுவாருங்கள். நாலைந்து தடவை போதும். பிறகு தூக்கம் வந்தால் வரட்டும்.

கனவை வெளியே சொன்னால் பலித்துவிடும் என்று அம்மா தடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் வாதாட வேண்டாம். அல்சூர் அக்கா ஆர்வமாகக் கேட்பார் என்றீர்களே, வாரம் ஒரு முறை அவரிடம் சொல்லுங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால் நினைவும் கூடும், நோட்டும் தூங்காது.

மாத்திரை

வேண்டாம். நண்பர் சொல்லும் கேலன்டமைன், ஆல்சைமர் மறதி நோய்க்குக் கொடுக்கும் மருந்து. அதற்குப் பலன் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்: 2018-ல் 121 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த இரவுகளில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராம் எடுத்தபோது 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதம் பேருக்கும் லூசிட் கனவு வந்தது. ஆனால் அது வாந்தி, குமட்டல், தலைசுற்றல் தரக்கூடியது, இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்தை இணையத்தில் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதமில்லை. கனவு நினைவுக்கு நல்லது என்று வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம், அது கை கால் நரம்பைப் பாதிக்கும்.

திக்கல் பற்றி

கடைசியாக வைத்தாலும் என் மனசில் முதலில் இருந்தது இதுதான். 'கனவில் திக்கவில்லை என்றால் எல்லாம் மனசுதானே, வெறும் பயம்தானே, அப்படியானால் என்மேல்தான் தப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு தவறு, தம்பி. ரெம் தூக்கத்தில் நாக்கும் உதடும் தொண்டையும் நிஜமாகப் பேசுவதில்லை. கனவில் நீங்கள் கேட்டது, மனசுக்குள் பேசும்போது கேட்கும் குரல். அது திக்கல் உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தடையின்றி ஓடும். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும் பேச்சு வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். பரம்பரைக்கும் மூளையின் பேச்சுக் கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. பயம் அதைக் கூட்டும், பயத்தால் அது உண்டாவதில்லை. ஆகவே லூசிட் கனவு அதைக் குணப்படுத்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பத்து நொடி உங்களுக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று, நிதானமாகப் பெயரைச் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அதை எடுத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் போங்கள். நிம்ஹான்ஸில் பேச்சு, கேட்புப் பிரிவு இருக்கிறது. மைசூரில் 1960-களிலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்த வேலைக்கென்றே ஏற்பட்டது. மென்மையாகச் சொல்லைத் தொடங்குவது, மூச்சோடு பேச்சைச் சேர்ப்பது, திக்கல் வரும்போது தவிர்க்காமல் அதனூடே போவது என்று படிப்படியாகக் கற்றுத்தருவார்கள். 31 வயதில் தாமதம் ஒன்றும் இல்லை. என்னிடம் வந்தவர்களில் ஐம்பதைத் தாண்டி ஆரம்பித்தவர்களும் உண்டு. அதற்கு நடுவில், மேனேஜரிடம் தனியாக ஒரு முறை, 'எனக்குத் திக்கல் உண்டு, பெயர் சொல்ல இரண்டு நொடி கூட ஆகும்' என்று எழுதியோ பேசியோ தெரிவித்துவிடுங்கள். மறைத்துவைக்கும் பாரம் இறங்கினாலே கை சில்லிடுவது கொஞ்சம் குறையும்.

விடலாமா என்ற கேள்விக்கு: 2 மணி அலாரத்தை விடுங்கள், மாத்திரை யோசனையை விடுங்கள், நோட்டை விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த மாலூர் கனவை எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், நோட்டில் அது இல்லை. இன்று ராத்திரி உட்கார்ந்து, மேஜையின் நிறம், யார் யார் இருந்தார்கள், ஜன்னல் எந்தப் பக்கம், பெயரைச் சொல்லும்போது குரல் எப்படிக் கேட்டது என்று நினைவில் இருப்பதையெல்லாம் சேர்த்து, தேதி தெரிந்தால் தேதியும் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.